குழாய் முனையில் நிற்க வேண்டியவள்

போன வாரம் நவீன், திவ்யா என்று ஒரு புருஷன் பெண்டாட்டி என்னைத் தேடிக் கோலார் தங்கவயலில் ஊரிகத்துக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் முப்பது வயசுகூட இருக்காது. புதிதாக ‘சர்ப்ரைஸ்’ கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்களாம். பிறந்தநாளோ கல்யாண நாளோ, சம்பந்தப்பட்ட ஆளுக்குத் தெரியாமல் அவர் வீட்டு முன்வாசலை அலங்கரித்து வைத்து, அவர் வெளியே போய்த் திரும்பும்போது அசத்துகிற தொழில். அதே தொழிலை நானும் என் அண்ணி லில்லியும் பன்னிரண்டு வருஷம் இந்தத் தங்கவயலில் செய்துவிட்டு மூடினோம். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மரியாதையான பிள்ளைகள்தான். காபி போட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன்.

இப்போதெல்லாம் வெறும் பலூனுக்கும் பூவுக்கும் ஜனங்கள் மசிவதில்லை என்று ஆரம்பித்தான் நவீன். அதனால் ‘ஆம்புலன்ஸ் பேக்கேஜ்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். சைரன் போட்ட வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவது, வீட்டுக்காரர் பதறி அடித்துக்கொண்டு ஓடிவரும்போது பின்கதவைத் திறந்து கேக்கை இறக்குவது. அந்தப் பதற்றம் மொத்தத்தையும் போனில் பிடித்துவிடுவது. எனக்கு அப்போதே காது சூடாகிவிட்டது. வீடு தேடி வந்த பிள்ளைகளைத் திட்டுவானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் திவ்யா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நம்ம ஊரிலேயே எடுத்ததாம், செம்ம ரியாக்‌ஷனாம், அவர்கள் தொழிலுக்கே இதுதான் பிள்ளையார் சுழியாம்.

படம் ஓடியது. கையில் பையோடு ஒரு வயசான அம்மா குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு தெருமுனை திரும்புகிறார். அவர் வீட்டு முன்னால் கூட்டம். பை கீழே விழுகிறது. “எந்த ஷிப்ட்?” என்று கேட்கிறார். கீழே சிரிக்கிற பொம்மைகளோடு ஒரு வரி: ‘மைன்ஸ் மூடி எத்தனை வருஷம் ஆச்சு, அம்மாவுக்கு இன்னும் ஷிப்ட் ஞாபகம்.’ நவீனும் திவ்யாவும் நூறு தடவை பார்த்திருப்பார்கள் போல. நூற்றியோராவது தடவையாகவும் சிரித்தார்கள்.

உள்ளே கட்டிலில் அண்ணி படுத்திருந்தாள். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, காது மட்டும் பாம்புக் காது. “பாக்கியம், அத்த நிறுத்தச் சொல்லு” என்றாள். ஏழு வருஷம் ஆகியும் அந்தக் குரல் அவளுக்கு மறக்கவில்லை. எனக்கும்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் இருபத்திரண்டு வருஷம் பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைத்தவள். விடிவதற்கு முன்னால் ரயிலேறி, இருட்டிய பிறகு இறங்கி, முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். வேலையை விட்டு வந்தபோது அண்ணனும் போய்ச் சேர்ந்திருந்தார். அண்ணியும் நானும் ஒரே வீட்டில் ஒருத்திக்கு ஒருத்தி துணை. அண்ணி சுரங்க ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இருக்கும் அவள் அக்கா மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். அங்கே வீட்டு முன்னால் புல்தரையில் ஆளுயர எழுத்துகளை நட்டு, பிறந்தநாள் வாழ்த்து சொல்லி, பூவும் பொம்மையும் வைத்திருந்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். புல்தரைக்கு நாம் எங்கே போவது? அது துரைமார் பங்களாவில் இருந்த சமாச்சாரம். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் தகரத் தடுப்புக்குள் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் வாசல். அதிலும் ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு தண்ணீர் டிரம்.

அண்ணி சிரிக்கவில்லை. “புல்லு இல்லாட்டி இன்னா, பொறந்தநாளு இல்லாமலா கீது?” என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ப்ளைவுட்டில் எழுத்துகளை அறுத்து, பெயின்ட் அடித்து, பின்னால் கம்பி வைத்தோம். எங்கள் ஊர் மண்ணில் கம்பி இறங்குமா? நாலு விரல்கடை தோண்டினால் பாறை. முதல் வீட்டில் கடப்பாரையால் குத்திக் குத்தி, பக்கத்து லைன் வரைக்கும் சத்தம் கேட்டு, சர்ப்ரைஸ் மண்ணாய்ப் போயிற்று. அதற்கப்புறம் காலி பெயின்ட் டப்பாக்களில் மணலை நிரப்பி, அதில் கம்பியைச் சொருகினோம். இன்னொரு வீட்டில் காகிதப்பூ மாலையை ஆடு தின்றுவிட்டது. பழகப் பழக எல்லாம் சரியாயிற்று. பெரியவர் பென்ஷன் வாங்க பேங்குக்குப் போகும் நேரம், அம்மா சர்ச்சுக்குப் போகும் நேரம், வேலைக்குப் போனவர் ரயிலிலிருந்து இறங்கும் நேரம், இதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. நாற்பது நிமிஷத்தில் ஒரு வாசலை மாற்றிவிடுவோம்.

வீட்டில் அண்ணி எனக்கு அண்ணி. வாசலில் அவள் முதலாளி. குரலை உயர்த்தவே மாட்டாள். தப்பாக ஒன்றைக் கட்டினால் என் முந்தானையை லேசாக ஓர் இழுப்பு இழுப்பாள், அவ்வளவுதான். அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பாள். ஒவ்வொரு கம்பி முனையையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள், குழந்தை ஓடிவந்து கிழித்துக்கொள்ளக் கூடாதே என்று. எல்லாம் முடிந்தபிறகு தெருமுனைக்குப் போய், வீட்டுக்கு வரப்போகிற ஆளைப் போல அங்கிருந்து மெதுவாக நடந்து வருவாள். “வர்றவங்க கண்ணால பாரு” என்பாள். நான் அலங்காரத்தைத்தான் பார்ப்பேன். அவள் வேறு எதையோ பார்ப்பாள்.

அது என்ன என்று எனக்குப் புரிய இரண்டு மூன்று வீடுகள் ஆயிற்று. வெள்ளைப் பூ தனியாக வைக்கக் கூடாது என்பாள். நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போடக் கூடாது. கூடியிருக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது, சிரிக்கணும், பேசணும், பாட்டு ஓடணும். எல்லாவற்றுக்கும் மேலே, லட்டு. ஒவ்வொரு லைனுக்கும் முனையில் ஒரு பொதுக்குழாய் உண்டு. வீட்டுக்கு வருகிற எவரும் அதைத் தாண்டித்தான் திரும்பணும். எங்களில் ஒருத்தி அந்தக் குழாய் முனையில் டப்பாவோடு நிற்பாள். ஆள் வந்ததும் சிரித்த முகமாக அவர் வாயில் லட்டைப் போட்டுவிடுவோம். அப்புறம்தான் அவர் முனை திரும்பி வாசலைப் பார்க்கணும். சர்ப்ரைஸ் பாதி கெட்டுப்போகிறதே என்று நான்கூட ஒருமுறை முணுமுணுத்தேன். “கெடட்டும்” என்றாள் அண்ணி.

காரணத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் இங்கே கெட்ட செய்தி போனில் வராது, பேப்பரில் வராது. கடைக்குப் போன பெண்பிள்ளை திரும்பி வரும்போது அவள் வீட்டு முன்னால் லைன் ஜனங்கள் நிற்பார்கள். ஒருத்தரும் பேசமாட்டார்கள். யாரோ அதற்குள் நாற்காலி கொண்டுவந்து போட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் புருஷன் ஒரு ஷிப்ட், தம்பி ஒரு ஷிப்ட், மாமனார் ஒரு ஷிப்ட் என்று பூமிக்குள் இறங்குவார்கள். அதனால் வருகிறவள் யார் செத்தது என்று கேட்கமாட்டாள். வாய் வராது. “எந்த ஷிப்ட்?” என்றுதான் கேட்பாள். பதிலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிடும். அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தவள், அந்தக் கேள்வியை எத்தனை வாயிலிருந்து கேட்டாளோ. சாவு வீட்டுக்குப் போகிறவள் வாயில் யாரும் இனிப்பைப் போடமாட்டார்கள். லட்டு வாயில் விழுந்துவிட்டால், முனை திரும்பியதும் எத்தனை பேர் நின்றாலும் பயமில்லை. அதுதான் கணக்கு.

இப்போது சரோஜாக்கா விஷயத்துக்கு வருகிறேன். நந்திதுர்க் பக்கம் லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். கைக்குழந்தையோடு இருந்தபோதே புருஷனைச் சுரங்கத்தில் பறிகொடுத்தவர். பூமிக்குள் பாறை வெடித்துச் சரிந்தால் ஏர் பிளாஸ்ட் என்போம், அதில் போனார். மகனுக்கு அந்தக் காற்றே படக்கூடாது என்று ஐந்து வயசிலேயே பெங்களூர் ஹாஸ்டலில் சேர்த்து, இட்லி சுட்டுப் படிக்க வைத்தார். அந்த மகன் முரளிக்கு நல்ல வேலை, நல்ல சம்பளம். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டான்.

அவனுக்கு வெள்ளையும் தங்கமும் கலந்த ‘தீம்’ வேண்டுமாம். விருந்தாளிகளுக்கு வாசலில் நாற்காலி வேண்டுமாம். அண்ணி இரண்டுக்கும் தலையாட்டவில்லை. வெள்ளையோடு செவ்வந்தி சேர்க்கணும், நாற்காலியைப் பின்கட்டில் போடணும் என்று சொன்னாள். சரி சரி என்றான். அண்ணிக்கு அன்றைக்கு பூதிகோட்டையில் அவள் தம்பி மகள் நிச்சயதார்த்தம், போகாமல் முடியாது. பஸ்ஸேறும்போது என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். “லட்டு.”

காலையில் நான் போனால், முரளி எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறான். காரிலிருந்து வெள்ளை ரோஜா வளைவு இறங்குகிறது. நாற்காலிகள் இறங்குகின்றன. அண்ணி இருந்திருந்தால் அவனுக்கு முந்தானை இல்லாவிட்டாலும் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாள். நான் சொன்னேன், சொல்லவில்லை என்று இல்லை. அவன் சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்தான். எழுபது என்ற எண்ணை நடுவில் நட்டேன், செவ்வந்தியை என்னால் முடிந்த இடத்தில் சொருகினேன். லைன் ஜனங்கள் இருபது பேர் கூடினார்கள். அவர்களிடம் முரளி போய், அம்மா வரும்போது யாரும் மூச்சு விடக்கூடாது, அப்போதுதான் வீடியோ நன்றாக வரும் என்று கேட்டுக்கொண்டான். பாட்டை நிறுத்தினான். முனை வீட்டு ஜன்னலில் குழாயடி தெரிகிற மாதிரி இன்னொரு போனையும் வைத்தான். எல்லாரும் என்னைவிட வயசில் பெரியவர்கள், எல்லாருக்கும் அந்தக் காலம் தெரியும். கார் வைத்திருக்கிற பிள்ளை கேட்கிறான் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நான் டப்பாவோடு குழாய் முனைக்குப் போனேன். முரளி பின்னாலேயே ஓடிவந்தான்.

“ஆண்ட்டி, ப்ளீஸ். லட்டு குடுத்தா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். அந்த ஃபர்ஸ்ட் எக்ஸ்பிரஷன் எனக்கு வேணும். ரெண்டே நிமிஷம், அந்தச் சுவத்துக்குப் பின்னாடி நில்லுங்க.”

வேண்டாம் என்றேன். அண்ணி திட்டுவாள் என்றேன். பாருங்கள், அங்கேதான் என் புத்தி போயிற்று. உன் அம்மா பயந்துபோவாள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், என் முதலாளி திட்டுவாள் என்று சொன்னேன். லில்லி ஆண்ட்டிக்கிட்ட நான் பேசிக்கிறேன் என்று என் தோளைத் தொட்டு நகர்த்தினான். பெற்ற மகனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று நானும் சுவருக்குப் பின்னால் போனேன்.

சரோஜாக்கா ரேஷன் கடையிலிருந்து வந்தார். குழாயடியில் நின்று காலைக் கழுவிக்கொண்டார். அப்புறம் முனை திரும்பினார்.

வெள்ளைப் பூ. வரிசையாக நாற்காலி. இருபது பேர், ஒரு சத்தமில்லை. பை விழுந்து அரிசி சிதறியது. அவர் கை, தாலி இருந்த இடத்துக்குப் போய் அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது. “எந்த ஷிப்ட்?” என்று கேட்டார். கூட்டம் அப்போதும் பேசவில்லை, அவர்களும் திகைத்துப்போனார்கள். அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும், புருஷன் போய் நாற்பது வருஷம் ஆகப்போகிறது, சுரங்கமும் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? “என் புள்ளையா?” என்று கேட்டபடி அந்த அரிசிமேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போவதற்குள் அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து போனைப் பிடித்தபடி பாடிக்கொண்டே வெளியே வந்தான்.

அவர் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. முகத்தைத் தடவினார், தோளைத் தடவினார், இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தார். அப்புறம் எழுந்து, அந்த ரோஜா வளைவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் போனார். கேக் வெட்டவில்லை.

சாயந்திரம் அண்ணி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் கையிலிருந்து டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள். ஒரு லட்டும் குறையவில்லை. மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அந்த வீடியோ ஊர் முழுக்கப் போனில் சுற்றியது. முரளியே போட்டிருந்தான், சிரிக்கிற பொம்மையோடு. ‘என் புள்ளையா’ என்று கேட்டதை வெட்டிவிட்டு, ‘எந்த ஷிப்ட்’டை மட்டும் வைத்திருந்தான். பெற்றவள் உயிர் போய் உயிர் வந்ததைக் கூத்தாக்கிவிட்டானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் போய்க் கேட்கிறேன் என்று அண்ணி கிளம்பவில்லை. “நிக்க வேண்டிய எடத்துல நீதான் நிக்கல. நீயே போ” என்றாள்.

போனேன். முரளி வாசலில் வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் ரசிக்கிறார்கள் ஆண்ட்டி, அம்மா ஃபேமஸ் ஆகிவிட்டார்கள் என்றான். உன் அம்மா என்ன கேட்டார் என்று உனக்குத் தெரியுமாடா என்று கேட்டேன். ஏதோ பழைய ஞாபகம், குழம்பிவிட்டார் என்றான். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நின்ற இடத்திலேயே அவனுக்குச் சொன்னேன். உன் அப்பா செத்த அன்றைக்கு உன் அம்மா இதே முனையில் நின்று இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார், இடுப்பில் நீ இருந்திருப்பாய் என்றேன்.

அவன் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. ஐந்து வயசில் ஹாஸ்டலுக்குப் போனவன், அந்தக் கதையை அம்மா அவனுக்குச் சொல்லவே இல்லை. சின்னக் குரலில் என்னிடம் கேட்டான்.

“அப்பா எந்த ஷிப்ட்ல போனாரு?”

எனக்குத் தெரியாது. சமையலறையிலிருந்து சரோஜாக்கா குரல் வந்தது. “செகண்ட் ஷிப்ட்.”

அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான். முரளி அங்கேயே உட்கார்ந்து வீடியோவை அழித்தான். ஆனால் அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ, யார் கண்டது.

வீடியோ போனாலும் சரோஜாக்காவுக்கு அந்த முனை திரும்ப முடியவில்லை. கடைக்குப் போனால், சுரங்கக் கழிவு மண் குவிந்து கிடக்கும் சயனைட் மேட்டுப் பக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போவார். அந்த வயசில், அந்த வெயிலில், ஒன்றரை மைல். சொந்த வீட்டு வாசலை ஒரு மனுஷிக்கு இல்லாமல் செய்துவிட்டோம். அண்ணி ஒரு டப்பாவில் லட்டு போட்டு என் கையில் கொடுத்தாள். தினமும் காலையில் அவர் திரும்பும் நேரத்துக்குப் போய்க் குழாய் முனையில் நின்றேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் என்னைப் பைத்தியம்போலப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பதினெட்டு நாள் அவர் மேட்டு வழியாகவே போனார். தூரத்தில் நான் நிற்பதைப் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்தொன்பதாம் நாள் குழாய் முனை வழியாக வந்தார். வாயைத் திறக்கவில்லை, கையை நீட்டினார். லட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டு, முனை திரும்பிப் போனார்.

இத்தனையையும் நவீனுக்கும் திவ்யாவுக்கும் நான் விளக்கிச் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. படத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். அந்த அம்மா காலைக் கழுவும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். முகத்தைப் பார்க்காதே, குழாய்க்குப் பின்னால் சுவரோரம் பார் என்றேன். இரண்டு விரலால் பெரிசு பண்ணினாள் திவ்யா. சுவரோரம் ஒரு துண்டு அரக்கு நிறப் புடவை தெரிந்தது. அதற்குக் கீழே எவர்சில்வர் டப்பா ஒன்றைப் பிடித்திருக்கும் கை.

“யாரு ஆண்ட்டி அது, ஒளிஞ்சிட்டு நிக்கறாங்க?” என்று கேட்டாள்.

“நான்” என்றேன்.